உனக்கு நான் சொன்ன டீ

பாப்பா,

இந்தக் கடிதம் வஞ்சிரம் குழம்போடு சேர்ந்து உன் வீட்டுக்கு வருகிறது. உங்கம்மா டிபன் கேரியர் எடுத்து வரும் பையின் அடியில் வைத்திருக்கிறேன். குழம்பு கசிந்து எழுத்து கலைந்திருந்தால் அவளைத் திட்டு, என்னைத் திட்ட வேறு காரணம் நிறைய இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் பேசினால் "சாப்ட்டியா, மாப்ள சாப்ட்டாரா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது. உனக்கே தெரியும். முந்தாநாள் ரஃபி பாய் டோல்கேட்டில் இருக்கும் நம் கடைக்கு வந்தார். நீயும் மாப்பிள்ளையும் அடுத்த மாதம் சார்ஜாவுக்குக் கிளம்புகிறீர்களாம், டிக்கெட் கூடப் போட்டாகிவிட்டதாம். பெற்ற அப்பனுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து இன்னொரு பூட்டுக்காரர் வந்து சொல்லித்தான் இது தெரிய வேண்டியிருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று அவர் சொன்ன பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் எதிரில் மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன கடை இடம் கிடைத்ததும், பூட்டு, கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் அவர் விற்பது, பூட்டு வேலையை நீ பார்ப்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். அந்த மார்க்கெட்டில் கடைக்குக் கடை ஷட்டர், கடைக்குக் கடை இரும்புப் பெட்டி. யாராவது ஒருவர் தினமும் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பார். திறக்கிற வேலை தெரிந்தவர் அங்கே இருந்தால் கடை ஓடும், தெரியாதவர் வெறும் பூட்டு விற்றால் ஓடாது. அந்த வேலையை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் சார்ஜா. யாரும் சொல்லித் தராததற்குக் காரணம் நான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையும் இதைப் படிப்பார், அவருக்குப் புரிவதற்காக நம் தொழில் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாவி வெட்டுவது ஒன்றும் ரகசியமில்லை. மிஷினை ரோட்டோரத்தில் வைத்துக்கொண்டுதான் வெட்டுகிறோம், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். சாவியே இல்லாமல் பீரோவையும் பெட்டியையும் திறக்கிற வேலை அப்படியில்லை. அதைத் தெரிந்துகொள்ள வாரத்துக்கு ஒருத்தராவது வந்து நிற்பார்கள். "அண்ணே, ஒரு தொழில் கத்துக்குடு" என்பார்கள். வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று நெற்றியில் எழுதியிருக்காது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால் சண்டை, பகை. அதனால் நாங்கள் முடியாது என்ற வார்த்தையைச் சொல்வதே கிடையாது. பக்கத்தில் இருப்பவரிடம் "டீ சொல்லு" என்போம். ஸ்டூலை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு அவரை உட்கார வைப்போம், வேலை நடக்கும் பக்கம் முதுகு இருக்கும்படி. டீ குடித்து, ஊர்க்கதை பேசி, மரியாதையாக எழுந்து போய்விடுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குள் தெரியும். சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் "தண்ணி குடு" என்போம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வந்தபோதே இருந்தது. ஒரு கடையில் டீ குடித்தவருக்கு ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தப் பூட்டுக்கடையிலும் டீதான். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மாற்ற மாட்டார்.

அந்த வழக்கம் பல பேரிடமிருந்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருத்தர் வந்து, அண்ணன் வீட்டு பீரோவைத் திறக்கணும், அண்ணனுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு உங்கம்மா இஞ்சி டீயே சொன்னாள். இன்னொருத்தர் போனில் வீடியோ பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டேன், கடைசி நுணுக்கம் மட்டும் வேண்டும் என்று வந்தார். டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் தன் வீட்டுக் கதவிலேயே கம்பியை ஒடித்து வைத்து, பொண்டாட்டி துவைத்த துணி பக்கெட்டோடு வாசலில் நிற்க, என்னையே கூப்பிட்டார். அப்போது நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். பள்ளிக்கூடம் விட்டால் கடைக்கு வந்துவிடுவாய். நான் "டீ சொல்லு" என்றதுமே ஓடிவந்து ஸ்டூலைத் திருப்பிப் போடுவது உன் வேலை. யாரும் உனக்குச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பார்த்து நீயே எடுத்துக்கொண்டாய். திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு சிரிப்பாய். அந்த வயதில் நம் வழக்கம் முழுக்கத் தெரிந்த வெளியாள் இந்த ஊரில் யாரும் கிடையாது. பார், உன்னை வெளியாள் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன், எப்படிப்பட்ட புத்தி எனக்கு என்று நீ பார்க்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், மழை விட்டு விட்டுப் பெய்த அந்த மத்தியானம் நீ வந்தாய். உங்கம்மா சோறு கொண்டுவந்து, நான் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். கடையில் கூட்டம். நீ குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு நேராகவே கேட்டாய். "நைனா, சாவி வெட்ட எனக்குத் தெரியும். திறக்குற வேல கத்துக்குடு. சாத்தாங்காட்ல கடை போடப்போறோம்." நான் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. அரத்தைக் கையில் வைத்துக்கொண்டே உங்கம்மாவிடம், "டீ சொல்லு" என்றேன். யோசித்துச் சொன்னேனா என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்ததாக ஞாபகமில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. கேட்டவர் யார் என்று பார்க்கும் முன்பே வார்த்தை வந்துவிட்டது. வந்த பிறகாவது நான் அதைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

உங்கம்மா அசையாமல் நின்றாள். நீதான் டீக்கடைப் பக்கம் திரும்பி "மாஸ்டர், ஒரு டீ" என்று குரல் கொடுத்தாய். டீ வந்தது. நீயே ஸ்டூலை எடுத்தாய். ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டாய். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாய். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா கீது நைனா, வரேன்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாய். நீ அழுதிருந்தால் நான் எழுந்திருப்பேன். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டு, சாயங்காலத்துக்குள் ராசியாகியிருப்போம். நீ முறைப்படி நடந்துகொண்டாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று நான் வெட்டிய சாவி ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை என்று மறுநாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் எனக்குத் தண்ணீர் கிடையாது, தெரியுமா உனக்கு? உங்கம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வேலை முடித்து வந்து உட்கார்ந்தால் டீ. சாப்பிடும்போது விக்கினால் டீ. மாத்திரை போட டீ. "ஏம்மே, தண்ணி குடு" என்றால், "டீ கீது, குடி" என்பாள். நானே எழுந்து பானையில் மொண்டு குடித்துக்கொண்டேன். ஒரு நாள் தாங்காமல், இன்னா உன் பேஜாரு என்று கேட்டேன். "வெளியாளுக்கு வேற இன்னா குடுப்பாங்க?" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். முந்தாநாள் ரஃபி பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, சார்ஜா விஷயம் உனக்குத் தெரியுமா என்றேன். "தெரியுமே" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "டீ குடிக்கறவங்களுக்கு வூட்டு விஷயம் எதுக்கு?" என்றாள். இந்த வீட்டில் இவ்வளவு காலமும் பூட்டுக்காரன் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை என்பதாலா என்று கேட்பாய். அதுவும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணம் ஒரு பெஞ்சு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடிக்கடி அம்மாவோடு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாய். "நைனா இன்னா பண்றாரு?" என்று கேட்டதற்கு, "ஸ்டேஷன் பூட்டு ரிப்பேரு கண்ணு" என்று நான்தான் சொன்னேன். நீ அதை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாய். அங்கே நான் எந்தப் பூட்டையும் ரிப்பேர் செய்யவில்லை, பாப்பா. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் பீரோ உடைந்தாலும், முதலில் கூப்பிடுவது திறக்கத் தெரிந்தவனைத்தான். "ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்பார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். அடித்ததில்லை. ஆனால் போகிற வருகிறவர்கள் எல்லாம் திருடனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாதா கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களும் அதில் இருப்பார்கள். அந்தப் பெஞ்சில் நீ உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

அதை நான் சொல்லியிருக்கலாம். "பாப்பா, எனக்குப் பயமா கீது, வேணாம்" என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால், நீ கேட்டிருப்பாய், இல்லையென்றால் எதிர்த்துப் பேசியிருப்பாய். இரண்டும் அப்பனும் மகளும் பேசுகிற பேச்சு. அதை விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்களை அனுப்பி வைக்கிற வார்த்தையை உனக்குச் சொன்னேன். வேண்டாம் என்று நினைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னதற்காகத்தான் வருத்தப்படுகிறேன். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உனக்குப் பிடிக்காத ஒன்றைக் கேட்டு நின்றால், வேண்டாம் என்று தாராளமாகச் சொல். ஏன் என்றும் சொல்லிவிடு. பயம் என்றால் பயம் என்றே சொல். உங்கம்மாவிடம் பெஞ்சு விஷயத்தை நேற்றுத்தான் வாய்விட்டுச் சொன்னேன். "அந்தப் பெஞ்சுக்கு சோறு எடுத்துகினு வந்தவ நானு. எனக்கு இல்லாத பயம் உனக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

இப்போது ரஃபி பாய் சொன்னதற்கு வருகிறேன். நீ டீ குடித்துவிட்டுப் போனதோடு எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீ அவர் கடைக்கும் போயிருக்கிறாய். அங்கே போய், "பாய் மாமா, எனக்குத் தொழில் சொல்லிக்குடு" என்று கேட்டாயாம். அவருக்கு உன் மேல் எப்போதும் ஆசை. தண்ணி பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாராம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "உங்க நைனாகிட்ட கேட்டியாம்மா?" என்றாராம். நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். "கேட்டேன் மாமா. டீ குடுத்தாரு" என்றாயாம். மனிதர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு டீ சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் என் கடைக்கு வெளியே வரைக்கும் கேட்டது. "நாம யார் யார்னு பாக்கறது எதுக்குய்யா? பொய் சொல்றவன் கையில இந்த வேல போகக்கூடாதுன்னுதான? உம் பொண்ணு உண்மைய சொல்லி டீ குடிச்சிட்டுப் போச்சு. நாம சலிச்சு எடுத்த ஆளுங்கள்ள அந்த மாரி பதில் எவன் சொல்லிக்கீறான்? நீ சொன்ன வார்த்த, நீதான் எடுக்கணும். எங்களால ஆவாது." நம் தொழிலுக்கு ஆள் எடுக்க என்ன பார்க்க வேண்டுமோ அது உன்னிடம் இருந்தது. அதுவே உனக்குக் கதவை அடைத்தது.

சொன்ன வார்த்தையை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. டீ சொன்னவனே, அந்த ஆள் டீ குடித்த கடைக்கெல்லாம் போய் நின்று தண்ணி கேட்டுக் குடிக்க வேண்டும். நான் இதுவரை செய்ததில்லை. யாரும் செய்து பார்த்ததும் இல்லை, அவமானம் என்று நினைப்போம். ரஃபி பாய் வந்த அன்றைக்கே சாயங்காலம் வண்ணாரப்பேட்டைக்குப் போய் அவர் கடையில் குடித்தேன். பாட்டில் முழுக்கக் குடிக்க வைத்துத்தான் விட்டார். நேற்று ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் தேரடிக்கு, சுந்தரம் கடைக்குப் போனேன். நீ அங்கேயும் போனதாக ரஃபி பாய்தான் சொன்னார். சுந்தரம் என்னைப் பார்த்ததும், "வா மாமு, குந்து, இன்னா இவ்ளோ தூரம்?" என்று டீக்கடைப் பக்கம் கையைத் தூக்கினான். "டீ வேணாம். தண்ணி குடு" என்றேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முறைப்படி, "யாருக்கு?" என்று கேட்டான். "எம் பொண்ணுக்கு" என்றேன்.

அவன் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னான். "அன்னிக்கு ஒரு பெட்டிய பிரிச்சு வச்சிகினு கீறேன் மாமு. உம் பொண்ணு வந்து கேட்டுச்சு. உங்கிட்ட டீ குடிச்சதையும் அதுவே சொல்லிச்சு. நான் இன்னா பண்றது, டீ சொன்னேன். ஸ்டூல நான் திருப்பல, எனக்கு மனசு வர்ல. அதுவே திருப்பிப் போட்டுகினு ரோட்ட பாத்து குந்திகினுச்சு. போறப்போகூட பெட்டி பக்கம் கண்ணு போவல." சின்ன வயதில் மற்றவர்களுக்காகச் சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்ட ஸ்டூலை, இந்த வயதில் கடை கடையாக உனக்கு நீயே திருப்பிப் போட்டிருக்கிறாய். அந்தப் பெட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால்கூட உனக்குப் பாதி வேலை விளங்கியிருக்கும். என் மகள் பார்க்கவில்லை. இதை நினைத்துப் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் ஆட்டோவில் இரண்டையும் செய்துகொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று முந்தானையை ஊதிக் கொடுக்க வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். உங்கம்மா என்னைப் பார்த்தாள். சுந்தரம் போன் பண்ணியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சுந்தரம் கடையில் குடித்த தண்ணீரே வயிறு நிறைய இருந்தது. இருந்தும் கீழே வைக்காமல் குடித்தேன்.

டிக்கெட் போட்டாகிவிட்டது, தெரியும். மாப்பிள்ளை அங்கே வாக்குக் கொடுத்திருப்பார், அந்தச் சாத்தாங்காட்டு இடமும் இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும். இரு என்று சொல்லும் உரிமையை அந்த மழை நாளில் நானே தொலைத்துவிட்டேன், அதனால் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீங்கள் போவதென்றாலும், கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடைக்கு வா. எனக்குத் தெரிந்த வேலை முழுவதும் உன்னுடையது. அங்கே போய் அதைச் செய்கிறாயோ இல்லையோ, நம் கடையில் உனக்குக் கடைசியாகக் கிடைத்தது டீ என்று இருக்கக் கூடாது. சொல்லித் தரும்போது பெஞ்சு விஷயத்தையும் சேர்த்தே சொல்லித் தருகிறேன், அங்கே எப்படி உட்கார வேண்டும் என்பதும் தொழிலில் ஒரு பகுதிதான்.

இன்று காலையில் கடையைத் திறந்ததும் ஸ்டூலை உள்பக்கம் பார்த்துப் போட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காரப் பார்க்கிறார்கள். அது ஒருத்தருக்காகப் போட்டது, நின்னுகினே பேசுங்க என்று எல்லோரையும் நிற்க வைத்துத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

உன்
நைனா